என் பெயரில் மச்சான் ரத்தம்

என் மனைவியை ஒரே ஒரு தடவையாவது ஏமாற்றிவிட வேண்டும் என்று நான் முடிவு செய்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் முயற்சியே செய்யாத சோம்பேறி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சின்னச் சின்னதாகப் பல தடவை முயன்று, அத்தனை தடவையும் மாட்டியிருக்கிறேன். இந்தத் தடவை பெரிதாக முயன்றேன். அதில் ஒரு உயிர் போகப் பார்த்தது.

எனக்கு எடை மேடையில் வேலை. நெடுஞ்சாலையை ஒட்டித் தரையோடு தரையாக ஒரு இரும்பு மேடை. பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. அறைக்குள் ஒரு நாற்காலி. நாற்காலி கொள்ளாமல் நான். லாரி சரக்கோடு ஏறும், எடை எழுதுவேன். இறக்கிவிட்டுக் காலியாக வரும், மறுபடி எழுதுவேன். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சரக்கு. இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கழித்தல்தான். அந்த மேடை இருபது இருபது கிலோவாகத்தான் எண் காட்டும். நான் தனியாக ஏறி நின்றால் நூறு என்று காட்டும். நிஜத்தில் தொண்ணூற்றேழுதான் என்று டிரைவர்களுக்கு விளக்கம் சொல்வேன். "இருக்கட்டும்ண்ணே. சரக்கை இறக்கிட்டு வாங்க, காலி எடையையும் பார்த்துருவோம்" என்பார்கள்.

என் மனைவி அச்சகத்துக்குப் பிழை திருத்துகிறவள். பள்ளிப் பாடப் புத்தகங்கள் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வரும். சாப்பாட்டு மேஜையில் சிவப்புப் பேனாவோடு உட்காருவாள். பிழைதான் எங்கள் பிழைப்பில் பாதி. புத்தகம் வராத நாட்களில் என்னைத் திருத்துவாள்.

வருஷா வருஷம் கம்பெனியில் உடம்பைச் சோதிப்பார்கள். போன தடவை என் ரத்தத்தில் கொழுப்பு இருநூற்றுத் தொண்ணூறு. நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டுமாம். டாக்டர் காகிதத்தைப் பார்த்து, "உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தி" என்றார்.

"இருபது வருஷமா நானும் அதைத்தான் சொல்றேன் டாக்டர். நம்பறதுக்கு ஆள் இல்லை" என்றாள் என் மனைவி.

டாக்டர் சிரிக்கவில்லை. மூன்று மாசம் எண்ணெயைக் குறைக்கச் சொன்னார். இருநூறுக்குக் கீழே வராவிட்டால் மாத்திரை என்றார். மாத்திரையை நான் பொருட்படுத்தவில்லை. வெளியே வந்ததும் என் மனைவி போட்ட நிபந்தனைதான் மாத்திரையைவிடக் கசந்தது.

"எண் இறங்கலைன்னா மதியச் சாப்பாட்டை நானே எடை மேடைக்குக் கொண்டாருவேன். நீங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எதிர்ல உக்காந்திருப்பேன்."

"டிரைவருங்க எல்லாம் பார்ப்பாங்களேம்மா."

"பார்க்கட்டும். வேணும்னா ஊட்டியும் விடறேன்."

அன்று சாயங்காலமே எதிர்வீட்டு லேப் அக்காவைக் கூட்டி வந்து எனக்குப் பாடம் எடுக்கச் சொன்னாள். அக்காவுக்கு மெயின் ரோட்டு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தெருவில் பாதிப் பேரின் ரத்தத்தைப் பார்த்தவர். அதனாலேயே யாரையும் நிமிர்ந்து நேராகப் பார்ப்பார்.

"எண்ணெயும் தண்ணியும் சேராது, தெரியுமில்ல?" என்று ஆரம்பித்தார். "நீங்க திங்கற எண்ணெய் குடல்ல மிதந்துட்டுத்தான் கிடக்கும். பித்தநீர் வந்து சோப்பு மாதிரி அதைப் பொடிப்பொடித் துளியா உடைக்கும். வயித்துக்குப் பின்னால கணையம்னு ஒண்ணு இருக்கு. அதோட சாறு வந்து அந்தத் துளியை வெட்டும். அப்பதான் குடல் அதை உறிஞ்சும். உறிஞ்சினதும் திரும்ப ஒட்டவெச்சு, மேல ஒரு உறை போட்டு, மூட்டை கட்டி அனுப்பும்."

"ரத்தத்துக்கா?"

"நேராப் போகாது. சர்க்கரை எல்லாம் நேர் வழியில ஈரலுக்குப் போயிரும். கொழுப்பு மூட்டைக்குத் தனி வழி. நிணநீர்னு ஒரு பக்கவாட்டுச் சாலை. அதுல மெதுவா ஏறி, கழுத்துக்குக் கீழ வந்துதான் ரத்தத்துல சேரும். நல்லாத் தின்ன ரெண்டு மூணு மணி நேரத்துல ரத்தம் எடுத்தா, மேல பால் மாதிரி கலங்கி நிக்கும்."

மூட்டை, பக்கவாட்டுச் சாலை என்று வந்ததும் எனக்குப் பாடம் பிடித்துவிட்டது. "சரக்கை எங்க இறக்குவாங்க?" என்று கேட்டேன்.

"தசையில கொஞ்சம், அன்னன்னிக்கு எரிக்க. மிச்சமெல்லாம் கொழுப்புக் கிடங்குல. வயிறு, இடுப்பு, தொடை. ஒவ்வொரு கிடங்கு வாசல்லயும் ஒரு சாவி இருக்கும். அது மூட்டையைப் பிரிச்சு உள்ள இறக்கும். பட்டினி கிடந்தா கிடங்கே வெளிய எடுத்துக் குடுக்கும்."

"நம்ம கிடங்கு எப்படி?"

அக்கா என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். "உங்களுக்கு இடத்துக்குப் பஞ்சமே இல்லை."

என் மனைவி பேனாவை மூடினாள். "இடம் இருக்கு. இது வரைக்கும் எடுத்துக் குடுத்த சரித்திரம்தான் இல்லை."

மறுநாளிலிருந்து வீட்டில் அவித்ததுதான். அவித்த முட்டைக்கோஸ். அவித்த பீன்ஸ். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் மென்றோம். சாப்பாட்டு நேரத்தில் வீடு துக்க வீடு மாதிரி இருந்தது. எடை மேடைக்குப் பின்னால் கோழி பொரிக்கிற கடை ஒன்று இருக்கிறது. வீட்டில் இருந்த துக்கத்தை நான் தினமும் மத்தியானம் அங்கே போய் ஆற்றிக்கொண்டேன்.

மறு பரிசோதனைக்கு ஒரு மாசம் இருந்தபோது எனக்குக் கலக்கம் வந்துவிட்டது. இரண்டு மாசத்தில் நான் இளைக்கவில்லை. பெல்ட்டில்தான் ஒரு ஓட்டை கூடியிருந்தது. என் மனைவியோ அந்தச் சமயம் பார்த்துத் தன் தம்பியின் புகழைப் பாட ஆரம்பித்தாள்.

அவள் தம்பி, என் மச்சான், லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தொன்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனி அறை, ஓட்டல் சாப்பாடு. எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது. அவன் பக்கவாட்டில் திரும்பி நின்றால் ஆள் போய்விட்டானோ என்று தேட வேண்டும். குச்சி என்று சொன்னால்தான் சொந்தத்தில் அவனைத் தெரியும்.

"என் தம்பியைப் பாருங்க, இடுப்பு இருபத்தெட்டு" என்பாள், சோறு போடும்போது. இன்னொரு நாள், "அவன் ரத்தத்தைச் சோதிச்சா டாக்டர் மெடலே குடுப்பார்" என்றாள். பிறகு ஒரு நாள், புத்தகத்தைத் திருத்திக்கொண்டே, "லேப்புல எல்லாம் முகத்தையா பார்க்கறாங்க, கையைத்தான் பார்க்கறாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கடைசியில், "புதன்கிழமை போயிட்டு வந்துருங்க. எனக்கு அன்னிக்கு அச்சகத்துல வேலை, கூட வர முடியாது. அக்காவும் லீவு. புது ஆள்தான் இருப்பார்" என்றாள்.

அன்று எடை மேடையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்த யோசனை வந்தது. யாருடைய உதவியும் இல்லாமல் தானாக வந்தது. அது வந்த சந்தோஷத்தில் ஒரு மணல் லாரியை இரண்டு தடவை எடை போட்டேன்.

மச்சானைப் பார்க்க ஒரு ஏழு மாடிக் கட்டடத்துக்குப் போனேன். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று, தண்டவாளம் மாதிரி இருந்த கம்பிகளுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான். முழங்கை வரைக்கும் கறுப்பு.

"மச்சான், ஒரு சின்ன உதவி."

"சொல்லுங்க மாமா."

"உன் ரத்தம் கொஞ்சம் வேணும்."

அவன் தடவுவதை நிறுத்தினான். விஷயத்தைச் சொன்னேன். கீழே குனிந்து கிரீஸ் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது மட்டும் வேண்டாம் மாமா. வேற என்ன வேணாலும் கேளுங்க. அப்பா போனதிலேருந்து நான் ஊசி பக்கமே போறதில்லை. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னாலே எனக்குக் கண்ணை இருட்டிட்டு வரும்."

"இது ஆஸ்பத்திரி இல்லடா, கடை மாதிரிதான். பக்கத்துல செருப்புக்கடை இருக்கு. ஒரு நிமிஷ வேலை. இல்லைன்னா உங்க அக்கா எடை மேடைக்கு வந்து எனக்கு ஊட்டி விடுவா. என் மானம் உன் கையில இருக்கு. அதாவது, உன் நரம்புல."

அவன் சிரித்துவிட்டான். சிரிக்கும்போது இடது கையால் மேல்வயிற்றை அழுத்திக்கொண்டான். என்னடா என்றேன். "ஒண்ணுமில்லை மாமா, வாயு. ரெண்டு மாசமாவே வந்து வந்து போகுது" என்றான். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தப் பதிலை இப்போது நினைத்தாலும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. கேட்டிருக்கலாம். எனக்கு என் மானம்தான் பெரிதாக இருந்தது.

"புதன்கிழமை காலையில வெறும் வயித்துல வா. முதல் நாள் ராத்திரியிலேருந்து எதுவும் தொடாதே. முடிஞ்சதும் உனக்கு மாமா விருந்து" என்றேன்.

புதன்கிழமை பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடி போட்ட புது ஆள் இருந்தார். மச்சான் என் பெயரையும் என் வயதையும் சொன்னான். அவர் அவனைப் பார்த்தார். "நாற்பத்தொன்பதா? சொல்லவே முடியாது சார். உடம்பை நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். ஓரமாக நின்ற நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

மச்சான் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவன் இன்னொரு கை என் சட்டையைப் பிடித்திருந்தது. சின்னப் பையன் பிடிக்கிற மாதிரி. ஊசி இறங்கியது. குழாயில் ஏறிய ரத்தத்தைப் பார்த்து நான் திகைத்தேன். சிவப்பாக இல்லை. தக்காளிச் சாற்றில் யாரோ பாலை ஊற்றிக் கலக்கிய மாதிரி வெளிறி இருந்தது.

அவர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "காலையில எதாவது சாப்பிட்டீங்களா?"

"ராத்திரியிலேருந்து பச்சைத் தண்ணிதான்" என்றான் மச்சான், கண்ணைத் திறக்காமலே.

அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. குழாயை மற்றவற்றோடு வைக்காமல் தனியாக வைத்தார். எனக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. அதை உடனே அமுக்கிவிட்டேன். ஒல்லியாக இருப்பவன் ரத்தமும் நீர்த்துப்போய்த்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எடை போடுகிறவனுக்குத் தெரிந்த விஞ்ஞானம் அவ்வளவுதான்.

சொன்ன வாக்கைக் காப்பாற்றினேன். கோழிக் கடைக்குக் கூட்டிப்போய், பொரித்த கோழி, வறுத்த உருளைக்கிழங்கு, மேலே வெண்ணெய் என்று அவனுக்கு வாங்கிக் கொடுத்தேன். அவன் போதும் என்றான். பன்னிரண்டு மணி நேரம் பட்டினி கிடந்தவனை விடலாமா? இன்னொரு தட்டு வரவழைத்து வற்புறுத்தித் தின்ன வைத்தேன்.

சாயங்காலம் லேப் அக்கா வாசலில் வந்து நின்றார். லீவு என்று என் மனைவி சொன்னவர் வேலை உடுப்போடு இருந்தார். அது எனக்கு உறைக்கவில்லை. கையில் இருந்த உறைதான் கண்ணில் பட்டது. என்னிடம் கொடுக்காமல் என் மனைவியிடம் கொடுத்தார். அவள் பிரித்துப் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள். அச்சுப் பிழையாக இருக்குமோ என்று பார்க்கிற மாதிரி எண்ணின் மேல் விரலை வைத்து நகர்த்தினாள். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எவ்வளவு?" என்றேன்.

"ரெண்டாயிரத்து அறுநூத்தி நாற்பது."

"இருநூத்தி அறுபத்திநாலா?"

"ரெண்டாயிரம்" என்றார் அக்கா. "முதல்ல மெஷின் எடுக்கவே இல்லை. தண்ணி கலந்து நீர்க்க வெச்சுத்தான் அளந்தோம். குழாயை நிக்க வெச்சா மேல ரெண்டு விரக்கடை வெள்ளையா ஆடை கட்டி நிக்குது. காலையில முதல் வேலையா பெரிய டாக்டரைப் பாருங்க."

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. என் மனைவி சாப்பிடச் சொல்லவும் இல்லை. நான் படுத்துக்கொண்டு யோசித்தேன். உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் டாக்டர் எனக்கு மருந்து கொடுப்பார், நான் தின்றுவிட்டுப் போகிறேன். மச்சானிடம் பிறகு தனியாக, பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். இப்படி நான் நினைத்தேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

காலையில் ஆஸ்பத்திரி. பெரிய டாக்டர் ஒரு பெண்மணி. வயதானவர். மெதுவாகப் பேசுவார். காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். என் வயிற்றில் கை வைத்து அழுத்தினார். "வலிக்குதா?"

"இல்லை டாக்டர்."

"ஆச்சரியமா இருக்கு. இந்த அளவுக்குக் கொழுப்பு ரத்தத்துல சுத்தினா கணையம் எந்த நிமிஷமும் வெந்து போயிடும். கொழுப்பை வெட்டறதுக்குன்னு சுரக்கிற சாறு, வெளிய போகாம கணையத்தையே வெட்ட ஆரம்பிச்சிடும். உங்க உடம்பு உங்களையே ஜீரணம் பண்ணிடும். நாலு பேர்ல ஒருத்தரைக் காப்பாத்த முடியாம நானே பார்த்திருக்கேன். மேல்வயித்துல வந்து வந்து போற வலி, சாப்பிட்ட பிறகு அதிகமாகிற வலி, எதுவுமே இல்லையா?"

எனக்கு கிரீஸ் கையோடு மேல்வயிற்றை அழுத்திக்கொண்டு சிரித்த முகம்தான் தெரிந்தது.

"இவ்வளவு இருக்கிறவங்க ஒரு ஸ்பூன் எண்ணெய் சாப்பிட்டாலே ஆபத்து. நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்றார்.

நேற்று இரண்டு தட்டு. இரண்டாவது தட்டு என் வற்புறுத்தல்.

"டாக்டர், அது என் ரத்தம் இல்லை" என்றேன். "என் மச்சானோடது. என் பேர்ல குடுக்க வெச்சேன். நேத்து ரெண்டு தட்டுக் கோழியும் வாங்கிக் குடுத்தேன். அவனைத் தேடணும். அவன் எந்தக் கட்டடத்துல இருக்கான்னு தெரியலை. உடனே தேடணும்."

எழுந்து ஓடப் பார்த்தேன். என் மனைவி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"தேட வேண்டாம். வெளியில பெஞ்சுல உக்காந்திருக்கான்."

நான் அவளைப் பார்த்தேன்.

"உங்களுக்குத்தான் வயித்து வலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்னு காலையில அவனுக்கு ஃபோன் பண்ணினேன். வேற என்ன சொன்னாலும் இந்த வாசப்படி ஏறியிருக்க மாட்டான்" என்றாள். பிறகு டாக்டரிடம், "என் தம்பிங்க. பார்த்துடுங்க" என்றாள். அந்தக் கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. இருபது வருஷத்தில் நான் அதைக் கேட்டதில்லை.

கதவைத் திறந்தேன். மச்சான் பெஞ்சில் முன்னால் வளைந்து, இரண்டு கையாலும் வயிற்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நெற்றி முழுக்க வியர்வை. என்னைப் பார்த்ததும் தலையைத் தூக்கினான்.

"மாமா, உங்களுக்கு ஒண்ணுமில்லையே?" என்றான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. படுக்க வைத்தார்கள், வயிற்றைப் படம் எடுத்தார்கள். கணையம் வீங்க ஆரம்பித்திருந்தது. இன்னும் வேகவில்லை. வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது, நரம்பு வழியாகத்தான் எல்லாம் என்றார்கள். நாற்பத்தெட்டு மணி நேரம் தாண்ட வேண்டும் என்றார் டாக்டர்.

"இவன் இவ்வளவு ஒல்லி டாக்டர். கிடங்கு, சாவி, மூட்டைன்னு லேப் அக்கா பாடம் எடுத்தாங்க. எல்லாக் கொழுப்பும் என்கிட்டதானே இருக்கு" என்றேன்.

"உங்களுக்குக் கிடங்கு இருக்கு, வாசல்ல சாவியும் வேலை செய்யுது. வந்த சரக்கு உள்ள இறங்கிடுது, அதான் குண்டாயிருக்கீங்க. இவருக்குப் பிறவியிலேயே சாவி சரியில்லை. மூட்டை மூட்டையா வருது, எங்கேயும் இறக்க முடியலை. ரத்தத்துலயே சுத்திட்டிருக்கு. வெளியில பார்த்தா ஒல்லி. உள்ள அத்தனையும் நடுரோட்டுல நிக்குது."

நான் வெளி நடையில் வந்து உட்கார்ந்தேன். சுவரில் பச்சைப் பெயிண்ட் பாதி உயரத்துக்கு. எதிரில் ஒரு அம்மாள் காலிப் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு எதையும் பார்க்காமல் இருந்தார். நானும் அப்படியே இருந்தேன். ஒரு நர்ஸ் தட்டோடு வந்து, "நீங்கதான் அவரோட மாமாவா? கையை நீட்டுங்க, ரத்தம் எடுக்கணும்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டினேன். "எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்குங்க சிஸ்டர். அவனுக்காக மொத்தத்தையும் எடுத்துக்குங்க" என்றேன். அவர் ஒரு சின்னக் குழாய் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"இவ்வளவுதானா? இது அவனுக்குப் போதுமா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"அது அவனுக்கு இல்லை. உங்களோட கொழுப்புப் பரிசோதனை. நேத்து ராத்திரியிலேருந்து நீங்க சாப்பிடலை. இந்த மாதிரி நாள் இனிமே எப்ப வரும்?" என்றாள்.

நான் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டேன். அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளாகச் சொன்னாள்.

"அப்பாவும் ஒல்லிதான். நாற்பத்தாறு வயசு. வயித்து வலின்னு கொண்டு போனோம். ரத்தம் எடுத்தாங்க. வெள்ளையா வந்துச்சு. எங்கேயோ தப்பு நடந்திருக்குன்னு அதைக் கொட்டிட்டு மறுபடியும் எடுத்தாங்க. அதுவும் வெள்ளை. தம்பி கட்டில் பக்கத்துலயே நின்னு பார்த்துட்டிருந்தான். பதினஞ்சு வயசு. நாலாம் நாள் அப்பா போயிட்டார். எனக்கு வருஷா வருஷம் பார்த்துக்கறேன், எனக்கு வரலை. எனக்கு வராததனாலயே அவனுக்குத்தான் வந்திருக்கும்னு பயம். எத்தனையோ தடவை கெஞ்சிட்டேன். கையைக் குடுக்கவே மாட்டான்."

"இதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"கல்யாணமான நாளிலேருந்து சொல்லிட்டுத்தான் இருக்கேன். ஒவ்வொரு தடவையும் நீங்க சாப்பிட்டுட்டு இருந்தீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பச்சைப் பெயிண்ட் முடிகிற இடத்தில் ஒரு எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது.

"அந்த ரெண்டு தட்டுக் கோழியை மட்டும் நான் எதிர்பார்க்கலை" என்றாள், சுவரைப் பார்த்து. அவள் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் அவனுக்குக் காய்ச்சல் ஏறியது. டாக்டர் மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் எங்களைப் பார்க்காமல் போனார். அவன் உதடு காய்ந்து வெடித்திருந்தது. தண்ணீர் கேட்டான். பஞ்சை நனைத்து உதட்டில் தடவத்தான் அனுமதி. என் மனைவி தடவினாள். அவன் என்னைத் தேடி, "மாமா, யார்கிட்டயும் நான் சொல்லலை" என்றான். எங்கள் ரகசியத்தை இன்னும் காப்பாற்றிக்கொண்டிருந்தான். நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போர்வைக்குள் கால் குச்சி மாதிரிதான் இருந்தது. அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். அதற்குப் பிறகு அந்தப் பெயரால் அவனை நான் கூப்பிட்டதில்லை.

மூன்றாம் நாள் காலையில் வயிறு தளர்ந்தது. காய்ச்சல் இறங்கியது. கொழுப்பு எண்ணூறுக்கு வந்துவிட்டது என்றார் டாக்டர். அப்போதுதான் எங்களை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். "இன்னும் ஒரு மாசம் தெரியாம விட்டிருந்தா படுக்க வைக்க நேரம் இருந்திருக்காது" என்றார். என் மனைவி வெளியே போய், பிளாஸ்க் அம்மாளின் இடம் காலியாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். அந்த அம்மாள் எங்கே என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை.

பத்தாம் நாள் மச்சானை வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஓட்டல் சாப்பாடு இனி ஆயுசுக்கும் கிடையாது. ஒரு நாளைக்கு எல்லாமாகச் சேர்த்து இருபது கிராம் கொழுப்பு, அவ்வளவுதான். முன் அறையைக் காலி செய்து அவனுக்குக் கொடுத்தோம். சமையலும் ஒன்றுதான். என் எண்ணும் வந்திருந்தது. முன்னூற்றுப் பத்து. இரண்டு பேருக்கும் ஒரே தட்டு, ஒரே முட்டைக்கோஸ். நான் முணுமுணுக்கவில்லை. அவன் மென்று விழுங்குவதைப் பார்ப்பதே போதுமாக இருந்தது.

மூன்று மாசம் போயிற்று. மச்சான் மறுபடி லிஃப்டுக்குப் போக ஆரம்பித்தான். ஊசிக்குக் கண்ணை மூடுவதோடு சரி, சட்டையைப் பிடிப்பதில்லை. லேப் அக்காவே வந்து வீட்டில் எடுத்துக்கொண்டு போகிறார். என் இடுப்பும் பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மச்சான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். என் மனைவி ஏழாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். பிழைத்து வந்தவன் வீட்டில் தூங்குகிற சத்தம் கேட்டால் மனுஷனுக்குக் கொஞ்சம் தைரியம் வரும். எனக்கும் வந்தது.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றேன். "நான் செஞ்சது தப்புதான். இல்லைங்கலை. ஆனா நீ இத்தனை வருஷமா கெஞ்சியும் நீட்டாத கையை, ஒரே நாள்ல நான் நீட்ட வெச்சேன். அந்த யோசனை மட்டும் எனக்கு வரலைன்னா உன் தம்பி இன்னிக்கு இல்லை. அதை நீ ஒத்துக்கத்தான் வேணும்."

அவள் ஒரு எழுத்தைச் சுழித்து, ஓரத்தில் சரியான எழுத்தை எழுதி, பக்கத்தைப் புரட்டினாள்.

"ஒத்துக்கறேன். ஆனா அந்த யோசனை ஒரே வாரத்துல வந்துரும்னு நெனச்சேன், அது உங்களுக்கு வர்றதுக்கு மூணு வாரம் ஆச்சு."